கொல்லங்கோட்டுத் தூக்கத்துக்கு ஒரு குழந்தை

சாலை, திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1131, மாசி மாதம்

சௌபாக்கியவதி பொன்னம்மைக்கு உன் மாமா பகவதிப்பெருமாள் பிள்ளை மனம் நிறைந்து ஆசீர்வாதம். இவ்விடம் நானும் என் அக்கா, உன் அம்மாவும் பகவதி புண்ணியத்தில் சுகம். அவ்விடம் நீயும் மாப்பிள்ளை ஆறுமுகநயினாரும் சுகம் என்றே நான் வைத்துக்கொள்கிறேன், உன்னைக் கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவாய். போன மாதம் போட்ட கார்டுக்குப் பதில் இல்லை. பம்பாயில் தபாலாபீஸை மூடிவிட்டார்களா என்ன. இங்கே மலஞ்சரக்குக் கடை அமோகமாக நடக்கிறது. இந்த வருஷம் நல்லமிளகுக்கு என் கடையில் விலை சொன்ன பிறகுதான் கொச்சியிலேயே விலை சொல்லுகிறார்கள். உடம்பும் அப்படித்தான், போன வாரம் பழவங்காடி முக்கில் மிரண்டு வந்த ஒரு வில்வண்டி மாட்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினேன். பார்த்தவர்கள் எல்லாம் அறுபது வயசு என்றால் யார் நம்புவார்கள் என்றார்கள். அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

பங்குனி பிறந்தால் மீன பரணி வருகிறது. பிள்ளையை மரவில்லில் தூக்கிச் சுற்றுவதாகக் கொல்லங்கோட்டு பகவதிக்கு உன் பேரில் சொல்லிய தூக்க நேர்ச்சை பாக்கி நிற்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷம் உன் வயிறு திறக்காமல் இருந்தபோது, அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நடையில் நிறுத்தி, ஒரு குழந்தையைக் கொடு, ஒரு வயசு திகைவதற்குள் உன் தூக்கவில்லில் ஏற்றுகிறோம் என்று சொல்ல வைத்தவன் நான். அடுத்த வருஷமே நீ ஆண் பிள்ளை பெற்றாய். பம்பாய் டாக்டர் பெற வைத்தான் என்று மாப்பிள்ளை எழுதினார், நான் சிரித்துக்கொண்டேன். சாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரியும் அது யார் வேண்டிக் கிடைத்த பிள்ளை என்று. இன்னொன்றும் இருக்கிறது. நம் தெற்குத் தாலுக்காக்களை எல்லாம் மதராஸோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் நித்தமும் வருகிறது. அப்படியானால் வருகிற வருஷம் பகவதி மதராஸ்காரியாகிவிடுவாள். திருவிதாங்கூரில் சொன்ன நேர்ச்சையைத் திருவிதாங்கூரில் இருக்கிறபோதே முடிப்பதுதான் முறை. ஹஜூர் கச்சேரியில் ஒரு பெரிய ஆபீஸரே என்னிடம் அதை ஒப்புக்கொண்டார்.

குழந்தை இல்லையே மாமா என்று நீ உடனே எழுதுவாய். தெரியும். மார்கழியில் ஜுரம் கண்டு போய்விட்டான் என்று மாப்பிள்ளையின் சிநேகிதர் நாகேஸ்வரன் வந்து சொன்னாரே. நல்ல வேளை அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட வந்தவர் பழவங்காடியில் என் கண்ணில் பட்டார். கையைப் பிடித்து ஹோட்டலில் உட்கார்த்தி, காப்பியும் உளுந்துவடையும் வாங்கிக் கொடுத்து, நீர் படி ஏற வேண்டாம், என் அக்காவுக்கு நெஞ்சு பலமில்லை, எப்படிச் சொல்ல வேண்டுமோ நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நிற்கிறாள். பம்பாயிலிருந்து ஆள் வந்ததாமே, பிள்ளை எப்படி இருக்கானாம் என்று கேட்டாள். என் வாயில் அந்த நேரம் பகவதி வந்து உட்கார்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பல் வந்துவிட்டது அக்கா, ரயில் கூவினால் அவனும் கூவுகிறானாம் என்றேன். அன்றைக்கு அவள் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கடையடைத்து வந்தால் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். தவழ்கிறான் என்றேன், சுவரைப் பிடித்து நிற்கிறான் என்றேன். மாப்பிள்ளையின் ஆபீஸ் துரை மோட்டாரில் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனார் என்றேன். அக்கா அதை அண்டை வீடெல்லாம் சொல்லி, அவர்கள் என்னிடமே திரும்பச் சொல்லுகிறார்கள். உன் மகன் இங்கே நன்றாக வளர்கிறான் மகளே, நீ கவலைப்படாதே.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன மீனத்துக்கே வா என்று எழுதினேன். கைக்குழந்தை, இத்தனை தூரம் ரயிலில், வெயில் வேறே என்று எழுதினாய். வெயிலுக்குப் பயந்தாய், ஜுரத்துக்குக் கொடுத்தாய். பகவதி அவளுக்குச் சொன்னதைக் கேட்டு வாங்குகிறவள், தவணை சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். போனது போகட்டும். குழந்தை போனதால் நேர்ச்சை போய்விடாது. வேறொரு குழந்தையை வைத்து முடிக்கலாம் என்று கோவிலில் வேண்டப்பட்ட ஒரு பெரியவரிடம் கேட்டுவிட்டேன், அவருக்கு முன்னாலேயே எனக்கு அது தெரியும். ஆனால் வேண்டிப் பெற்றவள் கையால்தான் குழந்தையைத் தூக்கக்காரன் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு நீ இல்லாமல் முடியாது.

குழந்தை நான் பார்த்து வைத்துவிட்டேன். நம் கடையில் மூடை தூக்குகிறவனுடைய பெண்சாதி ரத்னாபாய்க்கு இரட்டைப் பிள்ளை. அதில் கொஞ்சம் சிவந்தவனைத் தேர்ந்தெடுத்தேன், நம் குடும்பத்து நிறத்துக்கு ஒத்துவரும். புருஷன் சரி என்றுவிட்டான், என் கடையில் நின்றுகொண்டு மாட்டேன் என்பானா. அவள்தான் கதவைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையை வில்லிலே ஏத்துங்கோ, பகவதிக்க காரியம், நான் தடுக்கல்லே. ஆனா அந்த அம்மைக்க கையிலே குடுக்க மாட்டேன் முதலாளி. பிள்ளை செத்த கையாக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் தாய்தானே, அவள் பயம் அவளுக்கு. நானே ஒரு வழி சொன்னேன். நீ இரண்டு கையிலும் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு குழந்தையை வாங்க வேண்டும், உன் தோல் பிள்ளை மேல் படக்கூடாது. மடியில் கிடத்தக்கூடாது, முத்தம் கொடுக்கக்கூடாது. வாங்கின கையோடு தூக்கக்காரனிடம் நீட்டிவிட வேண்டும். அக்கா கேட்டால் பட்டில் வாங்குவதுதான் வழக்கம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். உன் கல்யாணக் கூறைப்பட்டு அங்கே இருந்தால் கொண்டுவா, இங்கே வேறு தேட வேண்டாம்.

சின்ன வயசில் பார்த்தது உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்லி வைக்கிறேன். தேர் மாதிரி வண்டி, அதன் மேல் வானத்தைப் பார்த்து நிற்கிற நீள மரவில். விரதமிருந்த தூக்கக்காரர்களை அதன் நுனியில் துணியால் கட்டி, கையில் ஆளுக்கொரு குழந்தையைக் கொடுத்து மேலே உயர்த்தி, கோவிலைச் சுற்றி இழுத்து வருவார்கள். ஒரு காலத்தில் நான் ஏறியிருக்கிறேன். அந்த உயரத்தில் கடல் தெரிந்தது, கடலில் கப்பல் தெரிந்தது, கப்பலில் ஒருத்தன் காப்பி ஆற்றிக்கொண்டு நின்றதும் தெரிந்தது. இந்தத் தரமும் நானே ஏறுகிறேன் என்றதற்கு, வில் தாங்காது என்று சிரிக்கிறார்கள். உடம்பில் உள்ள பலம் அப்படி. இங்கிருந்து பஸ்ஸில் நெய்யாற்றின்கரை வழி பாறசாலை, அங்கிருந்து காளைவண்டி சொல்லி வைத்திருக்கிறேன். ரத்னாபாய் பிள்ளையோடு முன் வண்டியில் போய்விடுவாள். அவளை உனக்கு பம்பாயிலிருந்து கூட வருகிற ஆயா என்று சொல்லியிருக்கிறேன், ஸ்டேஷனிலேயே பிள்ளையோடு உன்னுடன் சேர்ந்துகொள்வாள். அக்காவுக்கு அது பெருமை.

அக்காவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆளை நிழல் மாதிரித்தான் தெரிகிறது, அது நமக்கு ஒரு சௌகரியம். ஆனால் விரல் போதும் அவளுக்கு. காது மடலில் உன் அப்பாவுக்கு இருந்த அதே மரு பிள்ளைக்கும் இருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே நீ எழுதிவிட்டாய், அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அது பகவதி கிருபையால் தானாக உதிர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். இன்னொன்று, அவள் அனுப்பிய வெள்ளி அரைஞாண். அதில் அவள் கோத்த மணி எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். அதைப் பிள்ளையோடு சேர்த்துக் குழியில் விட்டாயா, எடுத்து வைத்திருக்கிறாயா என்று மறு தபாலில் எழுது. எடுத்திருந்தால் கொண்டுவா, ரத்னாபாய் பிள்ளைக்கு இடுப்பு பருமன், கயிறு கூட்டிக் கட்டிக்கொள்ளலாம்.

அக்காவும் இப்போது வயசாகிச் சொன்னதையே மாற்றிச் சொல்லுகிறாள். முந்தாநாள் நான் பிள்ளை நடக்க ஆரம்பித்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிறுத்தி, "தம்பி, பொன்னம்மை மட்டும் வந்தா போதும்னு எழுது. பிள்ளையைக் கொண்டாரணும்னு இல்லே. அவ வெறுங்கையோட வந்தாலும் எனக்கு சந்தோஷந்தான்னு எழுது" என்றாள். விரலால் தடவித் தடவித் தைத்துக்கொண்டிருந்த சின்னச் சட்டைகளையும் மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். என்ன அக்கா இது, இத்தனை அரேஞ்ச்மென்ட் செய்திருக்கிறேன், வண்டி சொல்லியாயிற்று, வெறுங்கையோடு வருவதற்கா என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆசை அதிகமானால் இப்படித்தான் பயம் வரும், பிள்ளைக்கு வழியில் ஏதும் வந்துவிடுமோ என்று. எழுதச் சொன்னாள் என்பதற்காக எழுதினேன், நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்பாடு ஏற்பாடுதான்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா, துணைக்கு நாகேஸ்வரனைக் கேள். வரும்போது இளைத்த முகத்தோடு வராதே, பால் கொடுக்கிற தாய் மாதிரி இருக்க வேண்டும். ரயிலில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வா. பகவதி உனக்குச் சீக்கிரம் இன்னொன்று கொடுப்பாள், அதற்கும் நான் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். தீர்க்க சுமங்கலியாய், மடி நிறைந்து இரு.

மறந்துவிடாதே, ஸ்டேஷனில் அக்கா கட்டிப் பிடிப்பாள், அங்கே அழுதுவிடாதே. வீட்டிலும் வேண்டாம், வண்டியிலும் வேண்டாம். வில் உயரும்போது கீழே நிற்கிற எல்லாத் தாய்மாரும் வாய்விட்டு அழுவார்கள். நீயும் அந்த நேரம் வரைக்கும் பிடித்து வைத்திருந்து அப்போது அழுதுகொள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பிள்ளை கீழே வருவதற்குள் முகத்தைத் துடைத்துவிடு.

இப்படிக்கு,
உன் நன்மை தவிர வேறு நினைக்காத மாமா,
பகவதிப்பெருமாள் பிள்ளை