இடுப்பளவில் சொன்ன பொய்

அன்புள்ள சின்னவனுக்கு, அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு என் பெயரை மட்டும் அதிலிருந்து அடித்துவிட்டேன். பதறாதே. எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில் நடக்கிறேன், தையல் கடையையும் திறக்கிறேன். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மூன்று வேளையும் அளவோடுதான் என்றேன். கூட வந்த உன் அம்மா, "அந்த நூல்கண்டு டிராயரையும் சொல்லுங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள். காலர் தைத்து முடிந்தால் அதிலிருந்து ஒரு பிஸ்கட், ஊசி ஒடிந்தால் இரண்டு. பசியே இருக்காது, கை மட்டும் போகும், பாக்கெட் காலியானால்தான் நிற்கும். ஒருமுறை டிராயரைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தேன், மறுநாளே கெஞ்சித் திரும்ப வாங்கினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது பசி இல்லைங்க, அடிமையாகிட்டீங்க. இடுப்பு ஏற ஏற சர்க்கரை வர வாய்ப்பும் ஏறும். உங்க பிள்ளைங்களையும் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். அதைக் கேட்டதும் உன் நினைப்புதான் முதலில் வந்தது.

ஏனென்றால் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் மனம் நோகாமல் அளவைக் குறைத்துச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அதை வீட்டிலும் செய்துவிட்டேன். ஆறு வருடமாக நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அளந்துவிட்டு, "முப்பத்திநாலுதான்டா, அப்படியே இருக்கே" என்பேன். போன தடவை அளவு நாடா காட்டியது நாற்பது. வருடத்துக்கு ஓர் அங்குலம் கூட்டியே தைத்தேன், எந்த பேன்ட்டும் உன்னை இறுக்கவில்லை, நீயும் கவனிக்கவில்லை. மன்னித்துவிடு. நீ போனில் பேசும்போது பாக்கெட் கசங்கும் சத்தம் கேட்கும், நானும் இங்கே கொறித்துக்கொண்டேதான் கேட்டிருப்பேன். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பார்சலில் ஒரு பேன்ட் இருக்கிறது, நாற்பதுதான், உள்ளே அந்த எண்ணையே எழுதித் தைத்திருக்கிறேன். பெரிதாக்க உள்தையலில் துணி விடவில்லை, இனி பிடித்துச் சிறிதாக்க மட்டும்தான் முடியும். கூடவே ஒரு நாடாவும் வைத்திருக்கிறேன். இந்த வாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சர்க்கரையைப் பார், என்ன வந்தாலும் குறைக்காமல் சொல். நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
இடுப்பு நாற்பத்தைந்து.
அளந்தது உன் அம்மா.