சிறுகுறிஞ்சானும் தவக்காலமும்

என்னங்க,

பாலக்கரை அக்காவைப் பார்க்கப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

டாக்டர் சர்க்கரை நோய்க்கு ஊசி போடச் சொன்னதற்கு, "ஈஸ்டர் வரைக்கும் சிறுகுறிஞ்சான் பொடி தின்னு பாக்குறேன்" என்றீர்கள். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும் நீல மருந்தில் சிறுநீரை விட்டுக் காய்ச்சியபோது நிறம் மாறவே இல்லை. "சர்க்கரை ஓடிப்போச்சு, இனி ஊசி எதுக்குடி?" என்று நேற்றுக் கத்தினீர்கள். ஆனால் பொடியைச் சாம்பல் புதனன்று அல்லவா ஆரம்பித்தோம்? தவக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடுதான். சர்க்கரையை ஓட்டியது பொடியா, நோன்பா?

இன்றுதான் ஈஸ்டர், நோன்பு முடிந்தது; வயிறாரச் சாப்பிட்டு, பொடியையும் போட்டுக்கொண்டு, அப்புறம் காய்ச்சிப் பாருங்கள். நீலமாகவே இருந்தால் ஊசிப் பேச்சே எடுக்கமாட்டேன். செங்கல் நிறமானால் கொட்டிவிடாமல் வையுங்கள்.

பேட்ரிசியா

என்மேல் உள்ள கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். அப்போதும் நீலமாகத்தான் இருக்கும்.