அண்ணாந்தானின் கண்ணாடி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்ல எழுதுவது கீழ்வீட்டுத் தையல்காரர். திட்டுவதானால் அவரைத் திட்டாதே.

துறைமுகத்தில் பஞ்சுக் கப்பல் மூன்று நாள் எரிந்ததே, டிராம் வண்டியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அந்த வருஷம். வானம் பார்க்கிற கூடத்தில் மொசைக் தரை தேய்க்கப் போயிருந்தேன். ஒரு சாயங்காலம் அங்கிருந்த காவல்காரர் பெரிய குழாயில் என் கண்ணை வைக்கச் சொன்னார். சனிக்கிரகம். சுற்றிலும் வளையம், யாரோ அச்சில் வார்த்து மாட்டிய மாதிரி. "உள்ளே இருக்கறது கண்ணாடிதான் தம்பி. தேய்ச்சு செஞ்சது. உன் வேலைதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து, நானே ஒன்று செய்வேன் என்றேன். அப்பா சிரித்தார்: "முதல்ல தரையை ஒழுங்கா தேய்டா." சித்தப்பா சிரித்தார். அப்பாவைப் பார்க்க வந்திருந்த மூக்குப்பொடி மேஸ்திரி தும்மித் தும்மிச் சிரித்தார். நீ குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தாய். கையெல்லாம் சோப்பு நுரையோடு எழுந்து நின்று, நீயும் சிரித்து, "வாடா அண்ணாந்தான்" என்றாய். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. அண்ணாந்தான் அதற்கப்புறம் ஆயுசு முழுக்கக் குனிந்தே வேலை பார்த்தான்.

வலது கண் போனது உனக்குத் தெரியும். இடதும் மங்குகிறது, திரும்ப வராது என்கிறார் டாக்டர். அது இருக்கும்போதே, நான் தேய்த்த கண்ணாடியில் அந்த வளையத்தைப் பார்த்துவிட வேண்டும். தட்டு அகலத்தில் இரண்டு கண்ணாடி வட்டமும் தேய்ப்புத் தூளும் வாங்கிவிட்டேன்.

உன் தம்பி
(கைநாட்டு)

பிப்ரவரி 14

தம்பிக்கு,

முழங்கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை, உன்னைப் போலவே. நான் சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. உனக்கு வேண்டாத ஞாபகம் ஜாஸ்தி.

உன் மருமகள் இங்கே வந்தபோது மூக்கைச் சிந்தினாள். "மாமா ரூம் பூரா சேறு அத்தை. சொன்னா சிரிக்கிறாரு." எழுத்துக்கூட்டத் தெரியாதவன் வானத்தைப் படிக்கப் போகிறானாம். இருக்கிற ஒரு கண்ணிலும் தூள் விழுந்தால் என்ன செய்வாய்? கையைப் பிடித்து நடத்த எனக்கு முழங்கால் இல்லை. பேசாமல் உட்கார்ந்திரு.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பேசாமல் உட்கார்ந்திரு என்றாய், நான் கேட்கவில்லை. கண்ணுக்கு ஒன்றுமில்லை, கண்ணாடிதான் கெட்டது.

கண்ணாடி நடுவில் லேசாகக் குழிய வேண்டும், ஆழமில்லாத கிண்ணம் மாதிரி. ஒரு வட்டத்தை மேசையில் பதித்தேன், அதுதான் கண்ணாடி. இன்னொன்றைத் தேய்ப்புக்கல்லாக மேலே வைத்துத் தேய்த்தேன். தண்ணீர், தூள், மறுபடியும் தண்ணீர். என் கைக்குத் தரை எப்போதும் கீழே, கல் எப்போதும் மேலே. வேறு விதம் அதற்குத் தெரியாது. நேற்றுத் தையல்காரர் தன் அளவுகோலை அதன் மேல் வைத்தார். கோல் ஊஞ்சல் ஆடுகிறது. குழிய வேண்டியது வீங்கிக் கிடக்கிறது.

மகன் வந்து பார்த்து, "விடுங்கப்பா" என்றான். ஆசையாகத்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் தேய்த்திருப்பேன்.

மாதக் கடைசியில் பழைய சாமான் வண்டி வரும். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

உன் தம்பி
(கைநாட்டு)

ஏப்ரல் 25

மடையா,

வண்டியில் எதையும் போடாதே.

சலவைக்கடையில் நான் பாதி ஆயுசைக் கழித்தவள். தேய்ந்த சோப்பு இரண்டை ஒட்டவைக்க ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தேய்ப்போம். கீழே இருக்கிற சோப்புக்குத் தொப்பை போடும். மேலே இருப்பதற்கு வயிறு ஒட்டிப்போகும். உனக்குக் கீழே இருந்தது வீங்கியிருக்கிறது. சரி, மேலே இருந்தது எங்கே? அதைத் திருப்பிப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். தேய்ப்புக்கல்லை எவன் திருப்பிப் பார்ப்பான்?

இதை எழுதியதால் நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. கண்ணை மூடிக்கொண்டு தேய்.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே இருந்த வட்டத்தைத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டிருந்தேன். உன் கடிதத்தைத் தையல்காரர் படித்து முடிக்குமுன் எழுந்துபோய்த் திருப்பினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அது ஓடி நடுவிலிருந்த குழியில் போய் உட்கார்ந்துகொண்டது. நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் மாதக்கணக்கில் மெருகுதான். முகக்கண்ணாடிக் கடைக்காரர் வெள்ளி பூசிக் கொடுத்தார். கார்ப்பெட் கடையில் கேட்டு ஒரு அட்டைக் குழாய். கண் வைக்கிற இடத்துக்கு மகனுடைய பழைய பைனாகுலரிலிருந்து ஒரு துண்டு. அவனே கழற்றிக் கொடுத்தான்.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிக்கு ஏறினோம். முதலில் தையல்காரர் பார்த்தார். "என்னங்க, இதுக்குக் காது இருக்கு?" என்றார். தள்ளச் சொல்லி நான் பார்த்தேன். ஒரு சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை, ஓரமெல்லாம் கலங்கல். ஆனால் வளையம் இருக்கிறது அக்கா. அதேதான், வயசே ஆகவில்லை அதற்கு. மருமகள் இரண்டு தடவை பார்த்தாள். சேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகன் உனக்கு டிக்கெட் அனுப்புகிறான். மாடி ஏற வேண்டாம், குழாயை வாசலுக்கு இறக்கிவிடுகிறோம்.

உன் தம்பி அண்ணாந்தான்
(கைநாட்டு)

கைநாட்டு வைத்த பிறகு சொன்னது: கண் முழுக்க மங்குமுன் வந்துவிடு. அந்த நாளில் இருந்தவர்களுக்குக் காட்டத்தான் எனக்கு ஆசை. காவல்காரர் போய் எத்தனையோ வருஷம். அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. மூக்குப்பொடி மேஸ்திரியும் போன மழையில் போய்ச் சேர்ந்தார். பாக்கி இருப்பது, சோப்பு நுரையோடு எழுந்து நின்றாளே, என் அக்கா ஒருத்திதான்.