மோட்டார் ரூம் வாசலில் செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? மஸ்கட்டில் நான் நலம்.

சென்ற வாரம் வேலையில் சின்னதாக ஷாக் அடித்தது. பயப்பட வேண்டாம், ரப்பர் பூட்ஸ் காப்பாற்றிவிட்டது. மின்சாரம் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகத்தான் பார்க்கும். ரப்பர் அதை விடாது. இங்கேயும் எங்களை யாரும் மனிதராக மதிப்பதில்லை. ஆனால் பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஆனைமலையில் நீங்கள் திருமலைசாமி தோட்டத்து மோட்டார் ரூம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக்காலோடு அந்தத் துருப்பிடித்த ஸ்டார்ட்டரைத் தொடுகிறீர்கள். அதற்கு எர்த் கம்பியும் இல்லை. போனில் சொன்னால், "அவிங்க முன்னால செருப்போட நின்னா நல்லாவா இருக்கும் கண்ணு?" என்று சிரிக்கிறீர்கள். அவர் மகன் யஷ்வந்த் ஷூவோடுதான் உள்ளே போகிறான்.

எர்த் கம்பி போடச் சொல்லி அவரிடம் கேட்க மாட்டீர்கள். கேட்டாலும் போட மாட்டார். செருப்பையாவது கழற்றாதீர்கள். செருப்போடு ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்று, தங்கை மெர்சியிடம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் முகமும் தெரிய வேண்டும்.

போட்டோவுக்காகப் போட்டுக்கொண்டு, பிறகு கழற்றிவிடுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஜெரோம்