தலையால் தடுத்த பந்துகள்

மொன்றியல், 2007

அன்பு டேவி அத்தானுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போனபின் இரண்டாவது குளிர்காலமும் முடிந்துவிட்டது. அக்கா டொலார்ட் புறநகர் வீட்டில்தான் இருக்கிறாள், முதியோர் இல்லத்தில் இரவு வேலை. உங்கள் மகள் ஐலாவுக்குப் பதினாறு வயது. உங்களைப் போலவே கால்பந்தில் நடுத் தடுப்பில் நிற்கிறாள், உங்களைப் போலவே யார் சொல்லையும் கேட்பதில்லை. அவளை நினைத்து நான் சரியாகத் தூங்கி மூன்று நாளாகிறது.

செவ்வாய்க்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷன் மைதானத்தில் பயிற்சி. உயரமாக வந்த பந்தைத் தலையால் அடிக்க எழும்பியவள், இன்னொரு பிள்ளையோடு மண்டைக்கு மண்டை மோதி விழுந்தாள். உடனே எழுந்து, "சா வா, சா வா", ஒன்றுமில்லை என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்துக்கொண்டே விளையாடினாள். காரில் ஏறியதும் கேட்டாள், "மாமா, இண்டைக்கும் அம்மாவுக்கு இரவு வேலையோ?" ஓம் என்றேன். அக்காடி மெட்ரோ நிலையத்தைத் தாண்டுவதற்குள் திரும்பவும் அதையே கேட்டாள். உங்களுக்கும் மறதி இப்படித்தானே ஆரம்பித்தது, அத்தான்?

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மாமா, ப்ளீஸ். சனிக்கிழமை மாகாண அணிக்கு ஆள் எடுக்க வருகினம். இதை விட்டா எல்லாம் முடிஞ்சுது."

நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் மனம் ஆறவில்லை.

பதினேழு வயதில் ஸ்கொட்லாந்தில் ஒரு சின்னக் கழகத்தில் சேர்ந்தீர்கள். சேற்றிலும் மழையிலும் விளையாடி மூக்கை உடைத்துக்கொண்டீர்கள். தேசிய அணி கடைசிவரை கூப்பிடவில்லை. முப்பது தாண்டியபின் இங்கே விளையாட வந்து, அக்காவிடம் மாட்டிக்கொண்டீர்கள். தமிழில் உங்களுக்கு ஒழுங்காக வந்த சொல் 'மச்சான்' ஒன்றுதான். "மழையில் ஊறின பந்து செங்கல் மாதிரி, மச்சான். அதையும் தலையால்தான் தடுத்தேன்" என்று உங்கள் ஆங்கிலத்தில் பீற்றிக்கொள்வீர்கள். நானும் வாயைப் பிளந்து கேட்பேன். அந்தப் பந்துகள்தான் உங்கள் நினைவைத் தின்றனவா? உங்கள் டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். இந்த 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நேற்று ஐலாவிடம், "ஒருக்கா டாக்டரிட்டப் போவம், வா" என்றேன்.

"அப்பா எண்டா என்னை விளையாட விட்டிருப்பார்!" கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

விட்டிருப்பீர்களா? உடைந்த மூக்கோடு அடுத்த வாரமே களமிறங்கிய ஆள் நீங்கள். இதையே கேட்டுக்கொண்டு இரவெல்லாம் புரண்டேன்.

இன்று காலை ஒன்று நினைவுக்கு வந்தது. உங்கள் கடைசிக் கோடையில் பூங்காவுக்கு நடத்திக் கூட்டிப்போனோம். "யார் இந்தப் பிள்ளை, மச்சான்?" என்று ஐலாவைக் காட்டிக் கேட்டீர்கள். அவள் அழாமல் நின்றாள். அந்த நேரம் யாரோ உதைத்த பந்து அவள் முகத்துக்கு நேரே வந்தது. நான் கத்துவதற்குள் நீங்கள் அவளைப் பின்னால் இழுத்துவிட்டு முன்னால் நின்றுவிட்டீர்கள். யாரென்றே தெரியாத பிள்ளைக்காக.

பதில் கிடைத்துவிட்டது, அத்தான். அக்கா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இன்றைக்கே ஐலாவை டாக்டரிடம் கூட்டிப்போவேன். நாளை அவளை மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்ட விடமாட்டேன். அழட்டும், திட்டட்டும், என்னைத் தெரியாதவள் போல எத்தனை மாதமும் நடிக்கட்டும். உண்மையிலேயே தெரியாமல் மட்டும் போகக்கூடாது.

உங்கள் மச்சான்,
ரவி