மேற்கே யாரும் இல்லை என்றாய்

இன்று காலை வகுப்பறை ஜன்னலைத் திறந்தபோது வெளியே மஞ்சள் துணிக்கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. கல்லூரிக்குப் பின்னால் போன வருடம்வரை வேர்க்கடலை போட்டிருந்த நிலம். சவுக்குக் குச்சி நட்டு, சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்து, மனை பிரித்துவிட்டார்கள். சுண்ணாம்பு வாசனை உள்ளே வந்ததும் நீதான் நினைவுக்கு வந்தாய். நீ செத்த பிறகும் உன் தொழில் என் மூக்கில் ஏறுகிறது.

இன்றைய பாடமும் உன்னுடையதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் மேற்கே குடிபெயர்ந்த கதை. நாம் ஒன்றாக வரலாறு படித்து, இதே துறையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த நாட்களில், உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். உன்னைப்போல் அதை நடத்த ஆள் கிடையாது. எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

"கெயக்க மண்ணு செத்துப்போச்சி. பேங்கு கவுந்துச்சி. புள்ளைங்களுக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒரு மொழம்தான் நெலம். அந்த நேரத்துல கவர்மெண்டு வந்து, மேக்க போ, அஞ்சு வருசம் அங்கியே இருந்து உழு, நெலம் உன்துன்னு சொன்னா, போவியா மாட்டியா?" என்று முன்வரிசைக்காரனைப் பிடித்துக்கொள்வாய். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தியைத் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டுவிட்டு வந்தவன்போலச் சொல்வாய். பெரும்பாலும் குதிரை அல்ல, மாடுதான் வண்டி இழுத்தது. விலை குறைவு, வழிப்புல்லைத் தின்றே தாங்கும் என்பாய். புல் முளைத்த பிறகு கிளம்ப வேண்டும், மலையில் பனி கொட்டுவதற்குள் தாண்ட வேண்டும். வண்டிக்குள் மாவு மூட்டையும் உப்பிட்ட கறியும் இருக்க, மனிதர்கள் பக்கத்தில் நடந்தே போனார்கள். காலராவில் போன பிள்ளைகளை வழியிலேயே புதைத்துவிட்டு மறுபடி நடந்தார்கள். அந்த இடத்தில் உன் குரல் உடையும். பிறகு ரயில் வந்ததையும், ரயில் கம்பெனிகளே விளம்பரம் போட்டு நிலம் விற்றதையும் சொல்லி முடிப்பாய்.

கரும்பலகையில் படமும் போடுவாய். கிழக்கே ஊர், ஆறு, பாதை எல்லாம் இருக்கும். மேற்கே ஒன்றும் இருக்காது. "இது காலி" என்று கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிடுவாய்.

"அங்க இருந்த ஜனங்க எங்கடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ரெண்டு மார்க் கொஸ்டின் மச்சான். வுடு."

ஒப்பந்தம் போட்டு ஏமாற்றப்பட்டவர்கள், காட்டெருமைக் கூட்டங்களைச் சுட்டுத் தள்ளியதால் பட்டினி கிடந்தவர்கள், எல்லாரும் உனக்கு இரண்டு மதிப்பெண். என்றென்றைக்கும் உங்களுக்கே என்று ஒதுக்கிக் கொடுத்த மண்ணையும் பின்னால் திறந்துவிட்டு, முதலில் ஓடிப்போய்க் கொடி நட்டவனுக்குச் சொந்தம் என்றார்கள். அந்த ஓட்டத்தை ஜல்லிக்கட்டு வர்ணனைபோலச் சொல்லுவாய். பையன்கள் விசில் அடிப்பார்கள்.

என் அத்தையின் நிலமும் அப்படி ஒதுக்கிக் கொடுத்ததுதான். பஞ்சமி நிலம். வெள்ளைக்காரன் காலத்தில், நிலமில்லாத எங்கள் ஜனங்களுக்கென்று செங்கல்பட்டுச் சீமையில் கொடுத்தது. வெளியாருக்கு விற்கக் கூடாது. காகிதத்தில் அது எப்போதோ வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது. உழுதது அத்தைதான். படிக்கும் காலத்தில் உன்னை அங்கே அழைத்துப்போனேன். கோயில் தெருப் பிள்ளையான நீ அவள் குடிசையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றைக் காட்டினாள். பனைமரம்வரை நடந்து எல்லையைக் காட்டினாள். "பட்டா மட்டும் நம்ப பேர்ல இல்ல தம்பி" என்று அதையும் சொன்னாள். "கோயில் தெருப் புள்ள நம்ப வூட்ல துன்னுச்சு" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ வேலையை விட்டு மனை வியாபாரத்துக்குப் போனாய். யாரிடம் காகிதம், யாரிடம் மண் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காகிதம் வைத்திருந்தவரிடம் அத்தையின் நிலத்தை வாங்கினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே வேன் வேனாக ஆட்களை இறக்கி, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, ஷாமியானாவுக்குக் கீழே நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தாய். பின்னால் மனை பிரித்த பெரிய படம். அதில் கிணறு இல்லை, குடிசை இல்லை. நான் போனபோது அத்தை ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"இன்னா நைனா, காலி எடம் காலி எடம்னு கூவிக்கினு கீது உன் சிநேகிதம்! அப்போ நா இன்னா பேயா?"

உன்னை ஓரமாக இழுத்தேன். "அஞ்சு வருசம் உழுதா நெலம் சொந்தம்னு பாடம் எடுத்தியே. எங்க அத்த எத்தினி வருசமா உழுவுதுடா?"

"அது அமெரிக்கா மச்சான்" என்றாய். நான் கை ஓங்கியதும், சிரிப்பை விடாமலே, "நீ படூர் அபார்ட்மெண்ட்ல கீறியே, அத இன்னா ஆகாசத்துலயா கட்னாங்கோ?" என்றாய். அதற்குப் பிறகு உன்னோடு நான் பேசவில்லை.

அந்த நிலத்துக்காக நாங்கள் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. கிணற்றைத் தூர்த்து மேலே பூங்கா போட்டிருக்கிறார்கள். ஆடுகளை விற்றுவிட்டு அத்தை என் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறாள். நீ செத்த செய்தி வந்ததும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். "சாவுல இன்னா நைனா கோவம்? என் கையால துன்ன புள்ள." உன் வீட்டுக்குள் போய் அழுதாள். நான் தெருமுனையிலேயே நின்றேன். அவள் மன்னித்திருக்கலாம். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

இன்று பாடம் நடத்தினேன். மாட்டைப் பற்றிச் சொல்லும்போது உன் வார்த்தைகள்தான் வந்தன. புதைத்துவிட்டு நடந்த இடத்தில் என் குரலும் உடைந்தது. வேறு மாதிரி அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு படம் போட்டேன். மேற்குப் பக்கத்தில், அங்கே இருந்த ஜனங்களின் பெயர்களை லக்கோட்டா, செயென், பானி, கோமான்சி என்று எழுதிக்கொண்டே போனேன். இடம் போதவில்லை. நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், இது எத்தினி மார்க் கொஸ்டினு?"

ஜன்னலுக்கு வெளியே கொடிகள் படபடத்தன. நான் திரும்பவில்லை.

"எழுதும்மா" என்றேன். "இன்னும் முடியல."