ஹார்ட் டிஸ்க் கிடைத்துவிட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு திருத்தம் சொல்கிறாள், நடுவில் நீ சிரித்துவிடுகிறாய், சொல்ல வந்தது எங்கேயோ போய்விடுகிறது. எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன், தபாலில் போட்டால் சனிக்கிழமை முந்திக்கொள்ளும். சனிக்கிழமை ரெக்கார்டரைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பாதே. ஹார்ட் டிஸ்க் கிடைத்துவிட்டது. கடையில் அது எப்போதோ கிடைத்துவிட்டது, ஸ்டாக் இல்லையாம் ஸ்டாக் இல்லையாம் என்று நான்தான் உன்னிடம் பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், கோபப்படாமல் படி.

அம்மா விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு நீ வந்து வாசல், ஹால், சமையலறை, பின்பக்கம் என்று நாலு கேமரா மாட்டிவிட்டுப் போனாய், அதெல்லாம் பதிவாகிற பெட்டி டிவிக்குக் கீழே இருக்கிறது. அது திடீரென்று ஒருநாள் உள்ளே டக்டக்கென்று அடித்துக்கொண்டது, அப்புறம் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது, நீதான் போனில் சொல்லிச் சொல்லி அந்தச் சத்தத்தை நிறுத்தினாய். கேமராவில் படம் தெரிகிறது, பதிவைச் சேமிக்கிற ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால் பதிவு மட்டும் ஆகவில்லை. எங்களுக்குப் பகல் என்றால் உனக்கு ராத்திரி, நீ எழுந்து காபி குடித்துக்கொண்டே பார்ப்பது பதிவைத்தானே, அதனால் உனக்கு வீடே இருட்டிப்போன மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், ஒரு பொருள் வேலை செய்யாமல் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று உனக்குத் தெரியும். மறுநாளே போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கா கேமராவுக்கா என்று கடைக்காரர் கேட்டார், கேமராவுக்கு என்றால் ராப்பகலாக ஓடுகிற வகை வேண்டுமாம், அதையே கேட்டு வாங்கினேன். வந்து ரெக்கார்டர் மேல் வைத்துவிட்டு ஸ்குரூ டிரைவர் எடுக்கப் பின்பக்கம் போனேன், போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு அவர் மோட்டார் கதையைச் சொன்னார், திரும்பி வந்து பார்த்தால் டிஸ்க்கைக் காணோம்.

தேடினேன் பார், அப்படித் தேடினேன். பீரோ, பரண், டூல் பாக்ஸ், குளிர்சாதனப் பெட்டிக்குள்கூடப் பார்த்தேன். வாங்கி வந்தேனா, வண்டியிலேயே விட்டுவிட்டேனா என்று அதுவே சந்தேகமாகிவிட்டது. அம்மாவைக் கேட்டால், எங்கயாவது வச்சிருப்பீங்க, தானா கிடைக்கும் என்றாள். எங்கே வைத்தேன் என்று ஹால் கேமராவின் பதிவைப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை, ஆனால் பதிவு ஆக அந்த டிஸ்க் வேண்டுமே. நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. போன மாதம் குழாயைத் திறந்தபடி விட்டதும், சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு நடக்கப் போனதும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. உன் பெரியப்பாவுக்கும் இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது, கடைசியில் பெற்ற மகனையே பார்த்து, நீங்க எப்ப வீட்டைக் காலி பண்றீங்க என்று கேட்டார். அது எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு பண்ணிவிட்டேன், பாப்பா. உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று யோசிப்பேன். அம்மாவிடம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லி அப்புறம் திருப்பிக் கேட்டார், எல்லாம் சரியாகத்தான் இருக்கு, நல்லாத் தூங்குங்க என்று அனுப்பிவிட்டார். எனக்கு டாக்டர் மேலேயே நம்பிக்கை வரவில்லை.

இதற்கு நடுவில் நீ தினமும் கூப்பிட ஆரம்பித்தாய். அம்மா நடந்தாளா, மாத்திரை போட்டாளா, இன்னைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாய். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருதரம் கூப்பிடுவாய், நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால், பார்த்தேம்பா என்று முடித்துவிடுவாய். கேஸ் சிலிண்டர்காரர் நாய்க்குப் பயந்து மதிலில் ஏறி நின்ற கதையை எவ்வளவு ஆசையாகச் சொல்ல வந்தேன், அதற்கும் பார்த்தேம்பா. இப்போது ஒன்றுமில்லாத கதைக்குக்கூட அப்புறம் அப்புறம் என்கிறாய். நானும் டிஸ்க் கவலையைக் கொஞ்ச நேரம் மறந்து உளறிக்கொண்டிருப்பேன், போனை வைத்ததும் கவலை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேற்று கை சும்மா இருக்காமல் அம்மாவின் வாக்கரை எடுத்தேன், அடியில் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து ஆடியது, மாற்றலாம் என்று கட்டில் மேல் சாய்த்தேன். முன்னால் கண்ணாடியும் மாத்திரையும் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை தொங்குமே, அதிலிருந்து பழைய டவல் சுற்றி ஒன்று மெத்தையில் விழுந்தது. பிரித்தால் டிஸ்க். இத்தனை நாளும் என் கண் முன்னாலேயே ஹாலுக்கும் சமையலறைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள், வீட்டில் நான் மட்டும் சந்து பொந்தெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன். கேட்டதற்கு மழுப்பவில்லை, நான்தான் எடுத்து வச்சேன் என்றாள். அந்தப் பொட்டி ஓடுற வரைக்கும் நான் நடந்தேனான்னு பாப்பா அதுலயே பார்த்துக்கிட்டா, நான் எப்படி இருக்கேன்னு அவ கேட்கவே இல்லை, இப்பதான் கேட்கிறா, கொஞ்ச நாளைக்குக் கேட்கட்டுமே என்றாள். எனக்கு வந்த கோபத்தில் டாக்டரிடம் போனதை எல்லாம் கொட்டிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. நீங்க இன்னொன்னு வாங்கிட்டு வருவீங்க, அப்ப பார்த்துக்கலாம்னு இருந்தேன், இப்படிப் பயந்துக்கிட்டு டாக்டர் வரைக்கும் போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், சொன்னாத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குமேல் முடியவில்லை, புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த சந்தோஷம் ஒரு பக்கம் இருந்ததே.

ராத்திரியே டிஸ்க்கை மாட்டிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதை வைத்து ஒயரைச் செருகினேன். முதல் தடவை இரண்டு ஒயரில் ஒன்றை விட்டுவிட்டேன், பெட்டி மறுபடி கத்தியது, அம்மா ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். இப்போது ஓடுகிறது. ஆனால் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், நீ திட்டினாலும் சரி. வாசலும் பின்பக்கமும் மட்டும்தான் பதிவாகும். ஹாலும் சமையலறையும் நீ பார்க்கிற நேரத்தில் போனில் நேரடியாகத் தெரியும், பதிவாகாது. நீ கூப்பிட்டு நாங்கள் எடுக்கவில்லை என்றால் உடனே ஹாலைப் பார், அதற்குத்தான் அது. நேற்று அம்மா நடந்தாளா, என்ன சாப்பிட்டாள் என்பதை எல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு அம்மாவும் சம்மதித்துவிட்டாள், நீ கேட்கிற வரைக்கும் ஒழுங்காக நடப்பதாகச் சொல்கிறாள்.

இன்னொன்று. போன வாரம் பேசும்போது நீ இருமினாய், அம்மா விடாமல் துருவியதில்தான் மூன்று வாரமாகக் காய்ச்சலும் இருமலுமாகத் தனியாகக் கிடந்தாய் என்று வந்தது. இந்த வீட்டில் ஒரு டம்ளர் உருண்டால் உனக்குத் தெரிகிறது, அங்கே நீ படுத்துக் கிடந்தது எங்களுக்குத் தெரியவில்லை. நான் பயத்தை ஒளித்தேன், அம்மா டிஸ்க்கை ஒளித்தாள், நீ காய்ச்சலை ஒளித்தாய், நல்ல குடும்பம். வெந்நீரே குடி, தலையை ஈரத்தோடு விடாதே, நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார்களாமே, தள்ளிப்போடாமல் எடு. எடுத்த அன்றே கூப்பிட்டு அவர்கள் சொன்னதை அப்படியே சொல், எங்களுக்காகக் குறைத்துச் சொல்லாதே.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது எல்லாம் கைகூட வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். சனிக்கிழமை ஆளை வேண்டாம் என்று சொல்ல மறந்துவிடாதே. அந்த நேரத்துக்கு நீ கூப்பிடு. உன் வீட்டில் எங்களுக்குக் கேமரா இல்லை, பாப்பா.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா
(அம்மாவும் படித்துவிட்டாள், டவல் பழையது இல்லையாம்)